சீட்டு வரவில்லை என்று சொல்ல முடியாத இடம்

சீட்டாட்டத்தில் தோற்றவர்கள் சொல்லும் சமாதானம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "என்ன செய்ய, சீட்டு வரலை." கேட்பவர்களும் அதை மறுப்பதில்லை. குலுக்கிப் போட்டதில் வந்த சீட்டுக்கு யார் பொறுப்பு? ரம்மி ஆனாலும் யாழ்ப்பாணத்து முந்நூற்று நாலு ஆனாலும், அன்றைக்கு யாருக்கு ராசியோ அவர் வென்றார் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக ஒரு வழி இருக்கிறது. இரட்டையர் பிரிட்ஜ் போட்டியில் அந்த வழியை அடைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்தின்மேல் எனக்குள்ள மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.

அடைத்த விதம் எளிமையானது. சீட்டுகளை ஒருமுறைதான் கலைப்பார்கள். நால்வருக்கும் பிரிந்த பதின்மூன்று பதின்மூன்று சீட்டுகள், நான்கு பைகள் உள்ள ஒரு தட்டையான பலகைக்குள் போகும். அதைப் போர்டு என்பார்கள். ஆடும்போது யாரும் சீட்டை மேசை நடுவில் எறிவதில்லை. அவரவர் முன்னாலேயே கவிழ்த்து வைத்துக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் சீட்டுகள் அதே பைகளுக்குத் திரும்ப, போர்டு அடுத்த மேசைக்குப் போகிறது. அங்கே வேறு நால்வர் அதே சீட்டுகளை எடுத்து ஆடுவார்கள். வடக்கு-தெற்கு இணை இருந்த இடத்திலேயே இருக்கும். கிழக்கு-மேற்கு இணை சுற்றுக்கு ஒரு மேசை மேலே நகரும், போர்டுகள் ஒரு மேசை கீழே இறங்கும். பிரிட்ஜின் முன்னோடியான விஸ்ட் ஆட்டத்துக்காக ஜான் மிட்செல் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த இந்தச் சுழற்சிதான் இன்றைக்கும் பெரும்பாலான போட்டிகளில் நடக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நம் மேசையில் நம்மை எதிர்த்து ஆடுகிறவர்கள் நம் போட்டியாளர்கள் இல்லை. நாம் வடக்கு-தெற்கு என்றால், மற்ற மேசைகளில் வடக்கு-தெற்காக உட்கார்ந்து இதே சீட்டுகளைப் பிடித்தவர்களோடுதான் நமக்குப் போட்டி. அவர்கள் ஆடுவதை நாம் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஆளுக்கொரு அறை. 13 மேசைகளில் ஆடப்பட்ட போர்டு என்றால், நாம் முந்திய ஒவ்வொரு இணைக்கும் ஒரு மதிப்பெண், சமமாக நின்ற இணைக்கு அரை. எல்லோரையும் முந்தினால் 12. எவ்வளவு வித்தியாசத்தில் முந்தினோம் என்பது கணக்கில்லை. பத்துப் புள்ளி கூடுதலாக எடுத்தவரும் ஆயிரம் கூடுதலாக எடுத்தவரும் ஒன்றே. அதனால் இங்கே சின்ன ஆட்டம், பெரிய ஆட்டம் என்ற பேதம் கிடையாது. கையில் ஒன்றுமே இல்லாத போர்டும் ஏஸும் ராஜாவுமாகக் குவிந்த போர்டும் ஒரே எடை. மோசமான கை வந்தால், இதே மோசமான கையை வைத்துக்கொண்டு மற்றவர்களைவிடக் குறைவாகத் தோற்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

இந்த யோசனையின் வேர் 1857இல் லண்டனில் இருக்கிறது. கேவண்டிஷ் என்ற புனைபெயரில் பின்னாளில் விஸ்ட் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஹென்றி ஜோன்ஸும் நண்பர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் நால்வர், தேராதவர்கள் நால்வர், இரண்டு மேசைகள். ஒரு மேசையில் தேர்ந்தவர்கள் ஆடிய சீட்டுகளை மறு மேசையில் தேராதவர்களுக்குக் கொடுத்து ஆடவைத்தார்கள். அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நோக்கம். தேர்ந்தவர்களே வென்றார்கள். வல்லவர்களும் வல்லாதவர்களும் அந்தச் சோதனைக்குப் போதுமானவர்களாக இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களை வைத்துச் சோதிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. நான் எழுத வந்தது அந்த நடுவில் இருப்பவர்களைப் பற்றி.

*

வட அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நடத்தும் அமைப்பு ஏசிபிஎல் எனப்படும் அமெரிக்கன் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் லீக், 1937இல் உருவானது. போட்டிகளில் முன்னணியில் வரும் இணைகளுக்கு அது மாஸ்டர்பாயின்ட் என்ற புள்ளிகளைத் தருகிறது. அவற்றுக்கு நிறங்கள் உண்டு: கிளப்பில் ஆடிப் பெறுவது கறுப்பு, செக்‌ஷனல் போட்டிகளில் வெள்ளி, ரீஜனல் போட்டிகளில் சிவப்பும் தங்கமும். புள்ளிகள் ஏற ஏறப் பட்டங்களும் ஏறும். 2010 முதல் சேர்ந்தவர்கள் 'லைஃப் மாஸ்டர்' ஆக 500 புள்ளிகள் வேண்டும், அதில் குறிப்பிட்ட அளவு தங்கமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை, வெவ்வேறு நகரங்களில் வட அமெரிக்க சாம்பியன்ஷிப் நடக்கும். உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே வருவார்கள். அதே கட்டடத்தில் 'கோல்டு ரஷ்' என்ற பெயரில் இன்னொரு இரட்டையர் போட்டியும் நடக்கும். 750 புள்ளிகளுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டுமானது அது. காலை ஒரு அமர்வு, மதியம் ஒரு அமர்வு, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்கு மேல். வருகிறவர்களில் ஓய்வுபெற்றவர்கள் மிகுதி. தனியாக வந்தவர்களுக்கு ஜோடி சேர்த்துவிட ஒரு தனி மேசையே போட்டிருப்பார்கள். ஏழெட்டு நிமிடம் பேசிவிட்டு, அன்றைக்கு முழுவதும் ஒருவரையொருவர் நம்ப வேண்டிய இருவர் அங்கிருந்து புறப்படுவார்கள்.

இந்தக் கோல்டு ரஷ் அறையில் இருப்பவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் இல்லை. ஏல உத்திகளில் ஸ்டேமன் தெரியும், பிளாக்வுட் தெரியும், டிரான்ஸ்ஃபர் தெரியும். புத்தகம் படித்திருக்கிறார்கள், வகுப்புக்குப் போயிருக்கிறார்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிளப்பில் ஆடுகிறார்கள். புதிதாகக் கற்கிறவருக்குத் தன்முன் இருக்கும் வழிகளில் ஒன்றுதான் கண்ணில் படும், அதில் போவார். அதனால் அவருக்கு மனக்கலக்கம் குறைவு. பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிய வல்லுநர் இணை, ஆயிரக்கணக்கான நிலைமைகளை முன்கூட்டியே பேசி வைத்திருக்கும். இன்ன ஏலத்துக்கு இன்ன பொருள் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்துப் படிக்கிறவர்கள் அவர்கள். நடுவில் இருப்பவருக்கு இரண்டு மூன்று வழிகள் தெரிகின்றன. எது சரி என்று சொல்லும் உடன்படிக்கை இல்லை. ஒரு போர்டுக்கு ஏழரை நிமிடம். எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னர் என்ன நினைத்து ஒரு சீட்டைப் போட்டார் என்று தானே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே இடைநிலைப் போட்டியை வல்லுநர் ஆட்டத்தில் தண்ணீர் கலந்த வடிவமாகப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. இன்னொரு மனிதரை எவ்வளவு நம்பலாம், எதை வைத்து நம்பலாம் என்ற பிரிட்ஜின் மூலக் கேள்வி, எந்தத் துணையும் இல்லாமல் ஆளைச் சந்திப்பது இந்த அறையில்தான்.

*

பார்ட்னரிடம் பேசுவதற்குப் பிரிட்ஜ் தரும் மொழி மிகச் சிறியது. கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேடு, நோ டிரம்ப் என்று ஐந்து வகை. ஒன்று முதல் ஏழு வரை ஏழு படி. ஆக 35 ஏலங்கள். பாஸ், டபுள், ரீடபுள் என்று இன்னும் மூன்று. மொத்தம் 38 சொற்கள். ஒருவர் கையில் வரக்கூடிய பதின்மூன்று சீட்டுக் கூட்டுகளோ 63,501 கோடிக்கும் மேல். அத்தனை விதமான கைகளை 38 சொற்களில், அதுவும் ஒவ்வொரு ஏலமும் முந்தியதைவிட உயர்ந்தே போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்குள், எதிரே இருப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல முடியாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதிலேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

அந்தச் சொற்களையும் வாயால் சொல்வதில்லை. மேசை ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து அட்டையை உருவி வைப்பார்கள். குரலின் ஏற்ற இறக்கத்தில் எதுவும் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. இரகசிய மொழியும் கூடாது. நம் ஏலங்களுக்கு நாம் வைத்திருக்கும் பொருள்களை அச்சிட்ட அட்டையில் நிரப்பி மேசைமேல் வைக்க வேண்டும். எதிராளி கேட்டால் விளக்க வேண்டும். பார்ட்னருக்குத் தெரிந்த உடன்பாடு எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் ஒழுக்கம்.

இதற்கும் ஒரு படி மேலே போகும் சட்டம் ஒன்று இருக்கிறது. பார்ட்னர் ஏலத்துக்குமுன் நெடுநேரம் தயங்குகிறார், பிறகு பாஸ் வைக்கிறார். அந்தத் தயக்கம் நமக்குக் கதை சொல்கிறது: அவர் கையில் ஏதோ இருக்கிறது, சொல்ல முடியாமல் விட்டார். அந்தக் கதையை நாம் பயன்படுத்தக் கூடாது. அனுமதிக்கப்படாத தகவல் என்று சட்டம் அதைச் சொல்கிறது. அட்டையில் வந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும். முகச்சுளிப்பு, பெருமூச்சு, சீட்டை மேசையில் தட்டிய வேகம், எதையும் கண்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. தெரிந்த ஒன்றைத் தெரியாதவராக இருந்து செயல்படுவது சுலபமில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் பிறரைப் படிப்பதே முகத்தையும் மௌனத்தையும் வைத்துத்தான். பிரிட்ஜ் அந்தப் பழக்கத்தை மேசைக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறது. முகத்தை விட்டுவிட்டுச் சொன்ன சொல்லை மட்டும் நம்பு என்று கேட்கிறது. இடைநிலை ஆட்டக்காரர் இந்தச் சட்டத்தை முதன்முதலில் மனமார ஏற்கும் நாளில், ஆட்டத்தில் அவர் உண்மையாகவே ஒரு படி ஏறுகிறார் என்று நினைக்கிறேன்.

*

ஒரு போர்டை அருகில் போய்ப் பார்க்கலாம். தெற்கு 1 நோ டிரம்ப் என்று தொடங்குகிறார். 15 முதல் 17 வரை புள்ளி உள்ள சமச்சீரான கை என்று பொருள். ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்குக்கு ஒன்று. கட்டில் மொத்தம் 40 புள்ளி. வடக்கு அதை 3 நோ டிரம்ப் ஆக்குகிறார். துருப்பு இல்லாமல் 9 ட்ரிக், அதாவது நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்றுகள் ஒன்பது, எடுக்க வேண்டும். மேற்கு முதல் சீட்டாக ஸ்பேடு 4ஐ இறக்குகிறார். வடக்கு டம்மியாகித் தம் சீட்டுகளை விரிக்கிறார்: ஸ்பேடில் 8, 2. ஹார்ட்டில் 7, 6, 4. டைமண்டில் ராஜா, ராணி, ஜாக், 5. கிளப்பில் ஏஸ், ஜாக், 10, 4.

நாம் கிழக்கு. நம்மிடம் ஸ்பேடில் ஏஸ், 9, 3. ஹார்ட்டில் ராணி, ஜாக், 10, 8. டைமண்டில் 9, 7, 2. கிளப்பில் ராஜா, 6, 2. ஸ்பேடு ஏஸால் முதல் ட்ரிக்கை எடுக்கிறோம். தெற்கு 5ஐப் போடுகிறார். அடுத்து நாம் இறக்க வேண்டும்.

முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம், பார்ட்னர் தொடங்கிய இனத்தையே திருப்பிப் போடு என்பது. நல்ல பாடம்தான், பல நேரம் காப்பாற்றும். கை தானாகவே ஸ்பேடு 9க்குப் போகும். ஆனால் பார்ட்னர் இறக்கிய அந்த 4 ஒரு செய்தியைச் சுமந்து வந்திருக்கிறது. நோ டிரம்ப் ஆட்டத்தில் நீளமான இனத்தின் நான்காவது பெரிய சீட்டை இறக்குவது வழக்கம். அப்படியானால் அவரிடம் 4க்கு மேலே மூன்று சீட்டுகள் இருக்கின்றன. ஓர் இனத்தில் 4க்கு மேற்பட்டவை, 5 முதல் ஏஸ் வரை, பத்து. மூன்று போக மீதி ஏழு மற்ற மூன்று கைகளில். இதையே சுருக்கி, பதினொன்றிலிருந்து இறக்கிய சீட்டைக் கழி என்று விதியாக்கினார்கள். ராபர்ட் ஃபாஸ்டர் என்ற விஸ்ட் ஆசிரியரின் பெயரோடு 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் விதி அது. அந்த ஏழில் டம்மியிடம் ஒன்று, 8. நம்மிடம் இரண்டு, ஏஸும் 9ம். மிச்சம் நான்கும் தெற்கிடம். 2 டம்மியில் கிடக்கிறது, 3 நம் கையில். ஆகவே மேற்கின் ஸ்பேடில் 4தான் கடைசி. அவரிடமும் நான்கே.

இப்போது புள்ளிகளைக் கூட்டலாம். டம்மியில் 11, நம்மிடம் 10. தெற்கிடம் குறைந்தது 15. மேற்கிடம் அதிகம் போனால் 4. இவ்வளவு மெலிந்த கையில் ஸ்பேடு இனம் எப்படி அமைந்திருந்தாலும், நம் கிளப் ராஜாவையும் சேர்த்து, தோற்கடிக்கத் தேவையான ஐந்து ட்ரிக் தேறாது. தெற்கும் அதே இனத்தில் நான்கு சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வேறு வழி ஒன்றுதான்: பார்ட்னரின் அந்தச் சொற்பப் புள்ளி ஹார்ட்டில் இருக்க வேண்டும். ஹார்ட் ராணியை இறக்க வேண்டும்.

இந்தப் போர்டில் மேற்கிடம் இருந்தது ஸ்பேடு ஜாக், 10, 6, 4. ஹார்ட் ராஜா, 9, 3. மற்ற இரண்டு இனங்களில் மும்மூன்று சில்லறைச் சீட்டுகள். ஹார்ட் ராணி இறங்கினால் தெற்கிடம் அந்த இனத்தில் ஏஸ் ஒன்றுதான் தடுப்பு. எட்டு ட்ரிக்குக்கு மேல் அவருக்குக் கிளப் இனத்திலிருந்துதான் வர வேண்டும். ராணியை இறக்கி ராஜாவைத் தாண்டப் பார்ப்பார். ராஜா நம்மிடம். அதை எடுத்து ஹார்ட்டை மீண்டும் அடித்தால் ஐந்து ட்ரிக் கணக்காகிவிடும். ஆட்டம் ஒரு ட்ரிக்கில் கவிழ்ந்து நமக்கு 50 புள்ளி. ஸ்பேடு 9ஐ இறக்கியிருந்தால் தெற்கு பத்து ட்ரிக் எடுத்து 430ஐ எழுதிக்கொண்டு போவார். மற்ற மேசைகளில் பலர் 9ஐ இறக்கியிருந்தால், நாம் அவர்கள் அத்தனை பேரையும் முந்தியிருப்போம்.

இந்தக் கணக்கில் நுட்பம் இருக்கிறது, ஆனால் என்னை இந்தப் போர்டில் பிடித்து நிறுத்துவது வேறு. முழுக் கணக்கும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது: அந்த 4 உண்மையிலேயே நான்காவது சீட்டு. மேற்கு ஏதோ ஒரு நினைப்பில் கைக்கு வந்ததை இறக்கியிருந்தால் பதினொன்றும் ஏழும் பொருளற்றவை. மேற்கின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். நாலே புள்ளி உள்ள கை. இந்தப் போர்டில் தனக்கு வேலையில்லை என்று அவர் அலட்சியமாக எதையாவது இறக்கியிருக்கலாம். அவர் ஒழுங்காக 4ஐ இறக்கினார். ஒன்றுக்கும் ஆகாத கை வந்தவருக்கும் உண்மையைச் சொல்லும் கடமை இருக்கிறது. சொன்னதால்தான் எதிரே இருந்தவருக்கு முழுக் கையும் கண்ணாடிபோலத் தெரிந்தது.

கிழக்கின் பக்கம் இதைவிடக் கடினம். பார்ட்னரின் இனத்தைத் திருப்பிப் போடுவது விசுவாசம்போலத் தோன்றும். ஆனால் 9ஐ இறக்குகிறவர் பார்ட்னர் சொன்னதைக் கேட்காதவர். ஹார்ட்டுக்கு மாறுகிறவர்தான் கேட்டவர். அது தெரிந்தும் பலர் 9ஐத்தான் இறக்குவார்கள். காரணம் அறியாமை மட்டும் இல்லை. ஹார்ட் தவறிப்போனால், "என் ஸ்பேடை ஏன் திருப்பிப் போடலை?" என்று மேற்கு கேட்பார். 9ஐ இறக்கித் தோற்றால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பழி வராத சீட்டு ஒன்று, சரியான சீட்டு ஒன்று. முந்தைய போர்டில் மேற்கு உதட்டைப் பிதுக்கியிருந்தால், இந்தப் போர்டில் கிழக்கு பழி வராத சீட்டையே எடுப்பார்.

நான் சொல்ல வந்தது இதுதான். பார்ட்னரிடம் காட்டும் கனிவு, ஆட்டத்துக்கு வெளியே வைக்க வேண்டிய நற்பண்பு என்று பலர் எண்ணுகிறார்கள். இடைநிலை ஆட்டத்தில் அது ஆட்டத்தின் உள்ளேயே இருக்கும் திறமை. எண்ணத் தெரிந்தவர் எண்ணியபடி ஆடத் துணிய வேண்டுமென்றால், துணிந்து தவறினால் அவமானப்படமாட்டோம் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியை அவருக்குத் தர எதிரே இருக்கும் ஒருவரால்தான் முடியும். ஒரு சுடுசொல்லின் விலையை அடுத்த நான்கைந்து போர்டுகளில் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கும் இணைகளை எந்த அறையிலும் பார்க்கலாம். இத்தனைக்கும் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் தனியாக எழுதப்படுவதில்லை.

*

ஆட்டத்தின் மரபுகளை வகுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. டம்மி தம் சீட்டுகளை விரித்ததும் ஆடப்போகும் பார்ட்னர் "நன்றி, பார்ட்னர்" என்று சொல்ல வேண்டும். விரிந்தது எதிர்பார்த்த கை ஆனாலும், ஏலத்தில் கேட்டதில் பாதிகூட இல்லாத கை ஆனாலும், அதே இரண்டு சொற்கள், அதே குரலில். ஏமாற்றம் குரலில் தெரிந்தால் எதிராளிக்குத் தகவல் போகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த நன்றி அடுத்த போர்டுக்கான முதலீடு என்பது.

சீட்டை விரித்த பிறகு டம்மிக்கு ஆலோசனை சொல்லும் உரிமை இல்லை. சொன்ன சீட்டை எடுத்து வைப்பது மட்டுமே அவர் வேலை. ஆனால் சட்டம் அவருக்கு ஒரு சின்ன உரிமையை விட்டுவைத்திருக்கிறது. பார்ட்னர் ஓர் இனத்துக்கு வேறு இனச் சீட்டைப் போட்டால், "உங்களிடம் ஸ்பேடு இல்லையா, பார்ட்னர்?" என்று கேட்கலாம். கையில் வைத்துக்கொண்டே கவனப்பிசகாக வேறு இனத்தைப் போட்டுவிட்டால் தண்டனை உண்டு, அதிலிருந்து அவரைக் காக்கும் கேள்வி அது. வெற்றிக்கு வழி சொல்லக் கூடாது, விழாமல் தாங்கலாம். எந்த அளவுக்கு ஒருவர் இன்னொருவருக்கு உதவலாம் என்று கோடு கிழித்த இந்த இடம், சட்டப் புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. போட்டி நடத்தும் டைரக்டர்களின் கையில் நடத்தை விதிகளும் உண்டு. எதிராளியிடம் மரியாதைக் குறைவாக நடப்பதைப் போலவே சொந்தப் பார்ட்னரைக் கடிந்து பேசுவதும் அவற்றின்படி குற்றம்தான்.

எஸ். ஜே. சைமன் என்ற ஆட்டக்காரர் 1945இல் பிரிட்ஜில் மக்கள் ஏன் தோற்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஹார்பினில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ரஷ்யர். தோல்விக்குக் காரணம் நுட்பம் தெரியாதது மட்டும் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை மறந்துவிட்டு ஆடுவதும்தான் என்பது அவருடைய வாதத்தின் முக்கியமான இழை. ஏட்டின்படி சிறந்த முடிவைத் தேடாதே, இந்தப் பார்ட்னரோடு எட்டக்கூடிய சிறந்த முடிவைத் தேடு என்று அவர் அறிவுறுத்துகிறார். அவர் படைத்த நான்கு பாத்திரங்களில் ஒருவர் 'அதிர்ஷ்டமில்லாத நிபுணர்'. எல்லாம் தெரிந்தவர், எப்போதும் தோற்கிறவர். பார்ட்னருக்குப் புரியாத சாமர்த்தியம் சாமர்த்தியம் ஆகாது என்பதை அவர் கடைசிவரை உணர்வதில்லை. எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு இடைநிலைப் போட்டியிலும் அந்த நிபுணர் இன்னும் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நீண்ட நாள் நம்பிக்கை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகப் பதக்கப் பட்டியலில் இடம்பெற்றது. ஆண்கள் இரட்டையரில் கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றார்கள். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. இறுதிச் சுற்றில் 384 புள்ளி, இரண்டாவதாக வந்த சீன இணைக்கு 378. பல நாள் ஆடிய பிறகு ஆறு புள்ளிதான் இடைவெளி. அவ்வளவு நெருக்கமான போட்டியில் எந்தச் சீட்டு அந்த ஆறைத் தந்தது என்று சுட்டிக்காட்ட முடியாது. சேர்ந்து பல ஆண்டுகள் ஆடிய இருவர் அவர்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

*

இரட்டையர் போட்டியின் கணக்கில் மாற்ற முடியாத ஓர் உண்மை உண்டு: அறையில் இருக்கும் எல்லா இணைகளின் சராசரியும் சரியாக 50 விழுக்காடு. நாம் பெறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அறையில் வேறொரு இணை இழந்தது. எல்லோரும் ஒரே நாளில் நன்றாக ஆடினாலும் ஏறக்குறைய பாதிப் பேர் ஐம்பதுக்குக் கீழேதான் வீட்டுக்குப் போவார்கள். 60 எடுத்தால் அந்த அமர்வில் மிக நல்ல ஆட்டம். 47 எடுப்பவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை, அன்றைக்கு நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றவர். இந்த எண்ணை மட்டும் வைத்துத் தன்னை மதிப்பிடுகிறவருக்கு இடைநிலை என்பது தாண்டிப்போக வேண்டிய படிக்கட்டாக மட்டும் தெரியும். புள்ளிகளின் நிறங்களும் பட்டங்களும் அந்த எண்ணத்தை வளர்க்கின்றன. தாண்டிப்போகும் ஆசையில் தவறில்லை. ஆனால் பெரும்பாலோர் இந்த ஆட்டத்தை வாழ்நாள் முழுதும் இந்த நடுநிலையிலேயே ஆடுவார்கள் என்பதும் உண்மை. பாட்டு, சமையல், தோட்டம், கற்பித்தல் என்று எந்தக் கலையிலும் மனிதர்களில் பெரும்பகுதியினர் வாழும் இடம் அதுதான். அந்த இடத்துக்கென்று ஒரு தேர்ச்சியும் பெருமையும் தனியாக இருக்க வேண்டாமா?

இருக்கிறது என்பதே என் எண்ணம், அதை அளக்கவும் வழி உண்டு. அமர்வு முடிந்ததும், அன்று ஆடிய எல்லாப் போர்டுகளின் சீட்டு விவரமும் அச்சிட்ட தாளாகக் கைக்கு வரும். நான்கு கைகளும் திறந்து கிடக்கும் அந்தத் தாளில் எல்லாமே வெளிச்சம். எந்தச் சீட்டு வென்றிருக்கும், எது கவிழ்த்திருக்கும் என்பதை இனி யாரும் மறுக்க முடியாது. சீட்டு வரவில்லை என்ற சமாதானமும் இல்லை, அதே சீட்டை மற்றவர்கள் ஆடிக் காட்டிவிட்டார்கள். அப்போது ஓர் இணை அந்தத் தாளை எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். "நீங்கள் அந்த 4ஐ இறக்கியபோது நான் என்ன எண்ணியிருக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் பொறுமையாக எண்ணிக் காட்டினால், அவர்கள் 47 எடுத்திருந்தாலும் அன்றைக்கு ஏதோ ஒன்றைச் சம்பாதித்துவிட்டார்கள். ஒருவர் தாளை நீட்டித் தவறுகளை அடுக்கிக்கொண்டே போனால், 60 எடுத்திருந்தாலும் கையிலிருந்ததைக் கொஞ்சம் செலவழித்துவிட்டார்கள்.

கிளப்புகளும் சங்கங்களும் இடைநிலைப் போட்டி நடத்தும்போது புள்ளிகளோடு இதையும் நினைவில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வகுப்புகளில் ஏல முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு, போர்டு முடிந்ததும் பார்ட்னரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். புதிய உத்தி ஒன்றைக் கற்றால் மாதத்துக்கு ஒரு போர்டில் பயன்படும். எதிரே இருப்பவர் பயமில்லாமல் யோசிக்கும்படி நடந்துகொள்ளக் கற்றால் ஒவ்வொரு போர்டிலும் பயன்படும்.